பொத்தானை அழுத்தும் முன்: எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படிப்பும் வேலையும் குறித்து வாசகர் கேள்விகள்

மருத்துவப் படமெடுப்புத் துறை பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். பிள்ளையைச் சேர்க்க நினைக்கும் பெற்றோர், படித்துக்கொண்டிருப்பவர், வேலையில் இருப்பவர் என்று பலரும் எழுதியிருந்தார்கள். ஒரே பொருளில் வந்த கடிதங்களை ஒரே கேள்வியாக்கிப் பதில் தந்திருக்கிறோம்.

என் மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. நர்சிங் வேண்டாம், ரேடியாலஜி டெக்னாலஜி படிக்கிறேன் என்கிறாள். பி.எஸ்சி.யா, இரண்டு வருட டிப்ளமோவா? பக்கத்து ஊரில் ஆறு மாதக் கோர்ஸ்கூட இருக்கிறதாம். நீட் எழுத வேண்டுமா?
(ஒரு தாய், திண்டிவனம்)

ஆறு மாதக் கோர்ஸை முதலில் மறந்துவிடுங்கள். 2021இல் வந்த துணை மருத்துவப் பணிகளுக்கான தேசிய ஆணையச் சட்டம், இத்துறையில் டிப்ளமோ என்றால் குறைந்தது இரண்டு ஆண்டுகளில் 2,000 மணி நேரம் படித்திருக்க வேண்டும் என்கிறது. சட்டத்தில் அதற்கு மேலுள்ள பட்டதாரிப் பிரிவுக்கு மூன்று ஆண்டுகள், 3,600 மணி நேரம். ஆறு மாதமும் ஒரு வருடமும் இந்தக் கணக்குக்குள்ளேயே வராது. சான்றிதழ் கையில் இருக்கும்; பதிவு என்று வரும்போது அது உதவாது.

பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் மூன்று ஆண்டுப் படிப்பும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பும் கொண்டது. தமிழகத்தில் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்து இடம் தருகிறார்கள். புதுச்சேரி ஜிப்மர் நீட் மதிப்பெண்ணைப் பார்க்கிறது. விதி மாறக்கூடியது, ஆகவே அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டை வரி விடாமல் படியுங்கள்.

வீட்டு நிலைமை அவசரமாகச் சம்பாதிக்கச் சொன்னால், அரசு மருத்துவக் கல்லூரியில் கிடைக்கும் இரண்டு வருட டிப்ளமோ நல்ல படிப்புதான். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ரேடியோகிராஃபர் இடங்களுக்கு அறிவிப்பு வெளியிடும்போது எந்தெந்தத் தகுதியை ஏற்கிறது என்று பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டே சேருங்கள். மேற்படிப்பு, வெளிநாடு, ஆசிரியப் பணி என்ற எண்ணம் இருந்தால் பட்டமே வேண்டும்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்க வேண்டாம். மூன்று கேள்வி கேளுங்கள். உங்கள் சொந்த மருத்துவமனையில் ஒரு நாளைக்கு எத்தனை எக்ஸ்ரே, எத்தனை சி.டி. எடுக்கிறீர்கள்? மாணவர் எந்த வருடத்திலிருந்து நோயாளியை நிறுத்திப் படமெடுக்கிறார்? மாணவருக்கு, உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்கும் டி.எல்.டி. பேட்ஜ் கொடுக்கிறீர்களா? மூன்றாவது கேள்விக்கு "அதெல்லாம் வேலைக்குப் போனால்தான்" என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். கதிர்வீச்சு அறைக்குள் மாணவரை அனுப்பிவிட்டு அளவு பார்க்காத இடம், வேறு எதையும் ஒழுங்காகச் சொல்லித்தராது.

கதிர்வீச்சில் வேலை பார்த்தால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். பெண் பிள்ளையை இதில் சேர்க்கலாமா?
(ஒரு தந்தை, மணப்பாறை)

சேர்க்கலாம். நாங்கள் சமாதானம் சொல்வதைவிட எண்களைப் பார்த்து நீங்களே முடிவு செய்வது நல்லது.

உலகில் மனிதர் ஒருவர் மண், காற்று, உணவு, வானம் ஆகியவற்றிலிருந்து சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு பெறுகிறார். குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற, தோரியம் கலந்த மணல் உள்ள கடற்கரையில் இது இன்னும் கூடுதல். நோயாளிக்கு ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்தால் சுமார் 0.02 மில்லிசீவர்ட். இத்துறையில் வேலை செய்பவருக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் வைத்திருக்கும் வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. 16 வயதைக் கடந்த பயிற்சி மாணவருக்கு ஆண்டுக்கு 6. பெண் ஊழியர் கருவுற்றதைத் தெரிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை வயிற்றிலுள்ள சிசுவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே கரு உறுதியானதும் மறைக்காமல் உடனே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெட்கப்பட்டு மூன்று மாதம் சொல்லாமல் இருப்பதுதான் ஆபத்து. சொன்னால் சி-ஆர்ம் (அறுவையின்போதே படம் காட்டும் எக்ஸ்ரே கருவி), ஆஞ்சியோ (ரத்தக்குழாய்ப் படம்) அறைகளிலிருந்து மாற்றி, சாதாரண எக்ஸ்ரே கட்டுப்பாட்டு அறையிலோ பதிவுப் பணியிலோ போடுவார்கள்.

ஈயக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று சுவிட்சை அழுத்தும் எக்ஸ்ரே டெக்னீஷியனின் பேட்ஜில் ஆண்டு முழுக்கச் சேரும் அளவு இந்த வரம்புகளுக்கு வெகு கீழே நிற்கும். மகப்பேற்றைப் பாதிக்கும் அளவு கதிர்வீச்சு முறையாக நடக்கும் ஒரு எக்ஸ்ரே அறையில் கிடைக்காது. கவனம் கூடுதலாக வேண்டிய இடம், நோயாளியின் பக்கத்திலேயே நின்று வேலை பார்க்கும் அறுவை அரங்கும், இதய ரத்தக்குழாய்ச் சிகிச்சை நடக்கும் கேத் லேபும்.

உங்கள் மகளிடம் பேட்ஜ் பற்றி இவற்றைச் சொல்லி அனுப்புங்கள். அதனுள் இருப்பவை கால்சியம் சல்பேட் கலந்த மூன்று சிறு வில்லைகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்குப் போய்வரும். மார்பு உயரத்தில், ஈய ஏப்ரனுக்கு (கதிரைத் தடுக்கும் மேலங்கி) உள்ளே அணிய வேண்டும். மேலே குத்தினால் உடம்புக்குப் போகாத அளவெல்லாம் கணக்கில் ஏறும். ஏப்ரனிலேயே குத்தி எக்ஸ்ரே அறையில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போவது எல்லா ஊரிலும் நடக்கும் தவறு. அறையின் அளவு அவள் பெயரில் பதிவாகும், விசாரணை வரும். அவளுக்கே ஒரு எக்ஸ்ரே எடுக்க நேர்ந்தால் பேட்ஜைக் கழற்றி வைத்துவிட வேண்டும். தோழியின் பேட்ஜை ஒருநாளும் இரவல் வாங்கக் கூடாது. ஏப்ரனை மடித்து நாற்காலியில் போடுவதும் கூடாது. மடிப்பில் உள்ளே விரிசல் விடும், வெளியே தெரியாது. அகலமான கொம்பில் தொங்கவிட்டு, ஆண்டுக்கொரு முறை ஃப்ளூரோஸ்கோப்பியில் (தொடர்ந்து படம் காட்டும் எக்ஸ்ரே) வைத்து விரிசல் பார்க்க வேண்டும்.

முதலாம் ஆண்டு மாணவன். நான் எடுக்கும் மார்பு எக்ஸ்ரே பாதிக்கு மேல் "ரிப்பீட்" ஆகிறது. கே.வி. (குழாயின் வோல்டேஜ்), எம்.ஏ.எஸ். (கதிரின் அளவு) எல்லாம் சீனியர் சொன்னதைத்தான் வைக்கிறேன். எங்கே தவறு?
(மாணவர், சேலம்)

எண்களில் தவறு இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் நோயாளியை நிறுத்தும் விதத்தைப் பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரே குழாயிலிருந்து, படத்தைப் பதியும் பலகையான டிடெக்டருக்கு 180 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று முதலில் டேப் வைத்துப் பாருங்கள். 100இல் எடுத்தால் இதயம் பெரிதாகத் தெரியும். அதே வோல்டேஜில் 100இலிருந்து 180க்குப் போனால் எம்.ஏ.எஸ். 3.24 மடங்கு வேண்டும். சீனியர் சொன்ன எண் எந்தத் தூரத்துக்கு என்று கேட்டீர்களா? 100 சென்டிமீட்டருக்கு என்று செய்த குவியும் வகைக் கிரிட்டை (சிதறும் கதிரை வடிகட்டும் தகடு) 180இல் போட்டாலும் படத்தின் இரண்டு ஓரமும் வெளிறிப்போகும்.

அடுத்து நோயாளி. முகவாய் தூக்கியிருக்கட்டும். புறங்கை இரண்டும் இடுப்பில், முழங்கைகள் முன்னால் தள்ளி டிடெக்டரைத் தொடட்டும். அப்போதுதான் தோள்பட்டை எலும்பு நுரையீரலை விட்டு விலகும். கதிரின் மையம் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 20 சென்டிமீட்டர் கீழே. இரண்டு காலிலும் சம எடை போடச் சொல்லுங்கள். ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றால் உடல் திரும்பிவிடும். காரை எலும்புகளின் உள் முனைகள் முதுகெலும்பு முள்ளிலிருந்து சம தூரத்தில் இல்லாததை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம்.

பெண் நோயாளியின் சடையைத் தூக்கிக் கொண்டையாகப் போடச் சொல்ல மறக்காதீர்கள். தோளில் கிடக்கும் ஈரச் சடை, மேல் நுரையீரலில் காசநோய்த் தழும்பு மாதிரியே தெரியும். இதனால் தேவையில்லாமல் சளிப் பரிசோதனைக்கு அலைய வேண்டிவரும். தாலிச் சங்கிலி, தாயத்து, உள்ளாடைக் கொக்கி எல்லாம் கழற்றி, முடிச்சில்லாத கவுன்.

மூச்சு விஷயத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று ஒரே மூச்சில் சொன்னால் நம் ஊர்க்காரர் தோளைத் தூக்குவார், வயிற்றை எக்குவார், நுரையீரல் நிறையாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "மூச்சை நல்லா இழுங்க... விடுங்க... இன்னொரு தடவை, தோளைத் தூக்காம, வயிறு உப்புற மாதிரி இழுங்க... அப்படியே பிடிங்க." இரண்டாவது மூச்சு எப்போதும் ஆழமாக வரும். சொல்லும்போது உங்கள் கண் கன்சோலில் இருக்கக் கூடாது, கண்ணாடி வழியாக அவர் முதுகின் மேல் இருக்க வேண்டும். விலா விரிந்து நின்ற பிறகே சுவிட்ச். படத்தில் உதரவிதானத்துக்கு மேல் பின்பக்க விலா எலும்பு ஒன்பது, பத்து எண்ண முடிந்தால் மூச்சு சரி. முடிந்ததும் "மூச்சு விடலாம்" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் முதியவர்கள் நீங்கள் வரும்வரை பிடித்துக்கொண்டே நிற்பார்கள், பாவம்.

டிஜிட்டல் கருவியில் இன்னொரு வலை இருக்கிறது. எக்ஸ்போஷர் கூடினாலும் கருவியே படத்தைச் சீராக்கிக் காட்டிவிடும். ஆகவே திரையில் வரும் டி.ஐ. (விலகல் குறியீடு) எண்ணைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் இலக்கு அளவு; பிளஸ் 3 என்றால் இரு மடங்கு கொடுத்துவிட்டீர்கள்; மைனஸ் 3 என்றால் பாதிதான். "படம் அழகா இருக்கு" என்று பிளஸ் 3இலேயே பழகிவிட்டால் ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு எக்ஸ்ரே கூடுதலாக எடுத்த கணக்கு. வலது, இடது ஈயக் குறியையும் எடுப்பதற்கு முன்பே ஒட்டுங்கள். பிறகு கம்ப்யூட்டரில் தட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், இதயம் வலப்புறம் இருக்கும் நோயாளி வரும் நாளில் படத்தைத் திருப்பிப் போட்டு அனுப்பிவிடுவீர்கள்.

எம்.ஆர்.ஐ. பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். தாலியைக் கழற்றச் சொன்னால் அம்மாக்கள் அழுகிறார்கள், சண்டைக்கு வருகிறார்கள். தங்கத்தைக் காந்தம் இழுக்காதே, விட்டுவிடலாமா?
(பயிற்சி டெக்னீஷியன், கோவை)

விடக் கூடாது. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்பது உண்மை. ஆனால் தாலியில் தொங்குவது தங்கம் மட்டுமா? அவசரத்துக்கு இருக்கட்டும் என்று நாலைந்து ஊக்குகளைத் தாலிக்கொடியில் கோத்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். ஊக்கு இரும்பு. 1.5 டெஸ்லா காந்தத்தின் வாயருகே அது கண்ணை நோக்கிப் பறக்கும். கூடவே, தங்கமும் மின்சாரம் கடத்தும் உலோகம். 64 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையில் சங்கிலி சூடாகலாம், கழுத்து, மார்புப் படத்தில் கறுப்பு ஓட்டையும் விழும்.

பல மையங்களில் உதவும் வழி, புது மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வாங்கி வைத்திருப்பது. மஞ்சள் கயிற்றைக் கட்டிய பிறகு தாலியைக் கழற்றச் சொன்னால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். கழற்றியதைக் கணவரிடமோ மகளிடமோ அவர் கண்ணெதிரே கொடுங்கள். உங்கள் மேசையில் வாங்கி வைக்காதீர்கள். காத்திருக்கும் இடத்தில், மற்றவர் பார்க்கும்படி கேட்காமல், உடை மாற்றும் அறையில் ஒரு பெண் ஊழியர் கேட்டால் பாதிச் சண்டை வராது.

"நகை எதுவும் இருக்கா?" என்று பொதுவாகக் கேட்பது கேள்வியே இல்லை. தினமும் அணிவது யாருக்கும் நகையாகத் தோன்றாது. மெட்டி, கொலுசு, மூக்குத்தித் திருகு, ஹேர்பின், அரைஞாண் கயிற்றில் தாயத்து, ஜாக்கெட் கொக்கி, சேலை பின் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஜரிகையும் உலோகமே, முழு உடையும் மாற்றச் சொல்லுங்கள். கூட வரும் உறவினரின் சாவி, போன், ஏ.டி.எம். கார்டையும் பாருங்கள்.

உங்கள் ஊருக்கென்றே ஒரு கேள்வி உண்டு: "லேத், வெல்டிங், கிரைண்டிங் வேலை பார்த்திருக்கீங்களா? கண்ணில் இரும்புத்தூள் விழுந்து எடுத்ததுண்டா?" ஆம் என்றால், படம் பார்த்து அறிக்கை தரும் மருத்துவரான ரேடியாலஜிஸ்டிடம் சொல்லி, கண்குழிக்கு எக்ஸ்ரே எடுத்து, துகள் இல்லை என்று உறுதியான பிறகே உள்ளே அனுப்ப வேண்டும். விழிக்குள் ஒட்டியிருக்கும் துகள் காந்தத்தில் நகர்ந்தால் பார்வை போகும். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய் கிளிப், காது கேட்க உள்ளே வைக்கும் காக்ளியர் இம்ப்ளான்ட் இருந்தால் வாய்ச்சொல் போதாது, மாடல் எண் உள்ள அட்டை வேண்டும்.

படுக்க வைத்த பிறகு கைகளைக் கோத்துக்கொள்ளவோ, வெறும் கால் மேல் கால் படவோ விடாதீர்கள். தோலும் தோலும் தொட்டு ஒரு வளையம் உண்டானால் அந்த இடத்தில் தீப்புண் வரும். நடுவில் திண்டு வையுங்கள்.

காந்தம் இரவிலும், மின்சாரம் நின்றாலும், ஸ்கேன் ஓடாதபோதும் இயங்கிக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போய் இறந்தார். துப்புரவுப் பணியாளர், வார்டு பாய், எலக்ட்ரீஷியன் எல்லோருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதும் உங்கள் வேலையே.

பி.எஸ்சி. முடித்தால் நானே அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சென்டர் வைக்கலாமா?
(மாணவி, தேனி)

நீங்களே ஸ்கேன் செய்து அறிக்கை தர முடியாது. 1994ஆம் ஆண்டின் கருவின் பாலினம் கண்டறிதல் தடுப்புச் சட்டப்படி மையமும் கருவியும் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஸ்கேன் செய்பவர் தகுதிபெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். வெளிநாட்டில் சோனோகிராஃபர் என்று தனிப் பணி இருப்பதைப் பார்த்து இங்கே அப்படியே நினைத்துவிட வேண்டாம்.

சி.டி.யில் கான்ட்ராஸ்ட் (ரத்தக்குழாயையும் உறுப்பையும் படத்தில் தெளிவாகக் காட்டும் மருந்து) போடும்போது இந்த மாதம் இருவருக்குக் கை வீங்கிவிட்டது. மருந்தைத் தள்ளும் இன்ஜெக்டர் கோளாறா?
(டெக்னீஷியன், தஞ்சாவூர்)

இன்ஜெக்டரைக் குறை சொல்வதற்கு முன் ஊசி எங்கே இருந்தது என்று பாருங்கள். வார்டிலிருந்து வரும் நோயாளிக்குப் புறங்கையில் இரண்டு நாள் பழைய 22 கேஜ் கேனுலா (நரம்பில் விட்ட ஊசிக்குழாய்; கேஜ் எண் கூடக் கூடக் குழாய் மெல்லியது) இருக்கும். அதில் வினாடிக்கு 4 மில்லி தள்ளினால் ரத்தக்குழாய் தாங்காது. அந்த வேகத்துக்கு முழங்கை மடிப்பிலோ முன்கையிலோ புதிதாக 20 கேஜ், ஆஞ்சியோ என்றால் 18 வேண்டும். அதே கையில் மேலே ஏற்கெனவே குத்தித் தவறியிருந்தால் அதற்குக் கீழே போடாதீர்கள். பழைய ஓட்டை வழியாகக் கசியும். கையைத் தலைக்கு மேல் தூக்கிய பிறகு முழங்கை மடங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கை தூக்கிய அதே நிலையில், அதே வேகத்தில் 10 மில்லி சலைன் தள்ளிப் பார்த்துவிட்டே கான்ட்ராஸ்டைத் தொடங்குங்கள். மருந்தை 37 டிகிரிக்குச் சூடாக்கி வைத்தால் இளகும், அழுத்தம் குறையும். முதல் சில வினாடிகள் ஊசி இருக்கும் இடத்தை ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும். ஸ்கேன் தொடங்கும் முன் அவர் வெளியே வந்துவிடலாம்.

வீங்கினால் உடனே நிறுத்தி, கையை இதயத்துக்கு மேல் உயர்த்தி, குளிர் ஒத்தடம் கொடுத்து, மருத்துவரைக் கூப்பிடுங்கள். எத்தனை மில்லி போனது என்று எழுதி வையுங்கள். கொப்புளம், விரல் மரத்தல், கூடிக்கொண்டே போகும் வலி இருந்தால் அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். "வீக்கம்தானே, வடிஞ்சிடும்" என்று வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள்.

பி.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறேன். மருத்துவமனைப் பக்கம் வர வழி உண்டா?
(பட்டதாரி, திருநெல்வேலி)

உண்டு, பலருக்கும் தெரியாத நல்ல வழி: மருத்துவ இயற்பியலாளர். எம்.எஸ்சி. மெடிக்கல் ஃபிசிக்ஸ் அண்ணா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எம்.எஸ்சி. இயற்பியல் முடித்துவிட்டு மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் ஓராண்டு டிப்ளமோவுக்குப் போவது இன்னொரு வழி. படிப்போடு புற்றுநோய் மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்பும், பிறகு கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் தகுதித் தேர்வும் உண்டு.

புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை கொடுக்கும் லீனியர் ஆக்சலரேட்டர் கருவி தரும் கதிரின் அளவைக் காலையில் முதல் நோயாளிக்கு முன் சரிபார்ப்பது, ஒவ்வொருவருக்கும் கட்டிக்கு எவ்வளவு, பக்கத்து உறுப்புக்கு எவ்வளவு என்று திட்டம் போடுவது, அதை அளந்து உறுதிசெய்வது இவர்கள் வேலை. தினசரிச் சோதனையில் 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சிகிச்சையைத் தொடங்க விடக் கூடாது. வரிசையில் எத்தனை பேர் காத்திருந்தாலும் "இன்று நிறுத்துங்கள்" என்று சொல்ல வேண்டியவர் நீங்கள். கணக்குப் பிடிக்கும், பிடிவாதமும் இருக்கிறது என்றால் வாருங்கள்.

ஐ.சி.யூ.வில் செவிலியர் நான். போர்ட்டபிள் எக்ஸ்ரே வண்டி வந்ததும் எல்லோரும் ஓடுகிறோம். வென்டிலேட்டர் நோயாளியை விட்டு ஓடுவது சரியா?
(செவிலியர், மதுரை)

ஓட வேண்டாம், இரண்டு மீட்டர் நகர்ந்தால் போதும். நோயாளியின் உடம்பில் பட்டுச் சிதறும் கதிர் ஒரு மீட்டர் தள்ளி ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. இரண்டு மீட்டரில் அதிலும் கால் பங்கு. குழாய் பார்க்கும் திசையில் மட்டும் நிற்காதீர்கள். நோயாளியைப் பிடித்தே ஆக வேண்டும் என்றால் ஏப்ரன் போட்டுக்கொண்டு, நேர்க்கதிரில் கை படாமல் பிடியுங்கள்; ஏப்ரன் சிதறலைத் தடுக்கும், நேர்க்கதிரை முழுவதும் தடுக்காது. எப்போதும் ஒரே செவிலியரைப் பிடிக்கச் சொல்லாமல் மாற்றி மாற்றி அனுப்ப வேண்டும். கருவுற்றவர் வேண்டாம். சுவிட்சை விட்ட கணமே கதிர் நின்றுவிடும். அறையிலோ போர்வையிலோ எதுவும் மிச்சம் இருக்காது. உடனே திரும்பி வந்து வென்டிலேட்டர் குழாய் இழுபடாமல் பாருங்கள், டிடெக்டரை முதுகுக்கடியிலிருந்து உருவும்போதுதான் அது கழன்றுவரும்.

படம் எடுத்ததும் "தம்பி, உள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறார்கள். தெரிந்தும் சொல்லாமல் இருப்பது சங்கடமாக இருக்கிறது.
(ரேடியோகிராஃபர், விழுப்புரம்)

அறிக்கை ரேடியாலஜிஸ்டின் பொறுப்பு. நீங்கள் "ஒண்ணுமில்லம்மா" என்று சொன்ன ஒரு சொல்லை நம்பி மருத்துவரிடமே போகாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. "படம் தெளிவா வந்திருக்கும்மா, பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். ரிப்போர்ட் நாலு மணிக்கு இந்த ஜன்னலில் கொடுப்பாங்க, வாங்காமப் போயிடாதீங்க" என்று நேரத்தோடும் இடத்தோடும் சொல்லுங்கள்.

அதே நேரம், நுரையீரல் சுருங்கி மார்பில் காற்று நிரம்பியிருப்பதோ மூளையில் ரத்தக்கசிவோ உங்கள் கண்ணில் பட்டால் வரிசையில் காத்திருக்க விடக் கூடாது. நோயாளியை அறையிலிருந்து அனுப்பாமல் ரேடியாலஜிஸ்டையோ அவசரப் பிரிவு மருத்துவரையோ அக்கணமே போனில் கூப்பிட்டு, யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்பதைப் பதிவேட்டில் எழுதுங்கள்.